முடி முளைத்த எலிகள்

அத்தியாயம் 5

டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

“ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு அந்தம்மாவைக் காப்பாத்தும், இன்னொண்ணு கொன்னுடும். எது எதுன்னு எனக்குத் தெரியல.”

“சார், இந்த மாதிரி வசனமெல்லாம் எங்க தொழில்ல நாங்க பேசுறது. நீங்க பேசினா வயித்தைக் கலக்குது,” என்றான் கொசு.

அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கொசு வாயை இறுக மூடிக்கொண்டான். அந்தப் பார்வைக்கு அவன் பயப்படாத நாளே கிடையாது. அவனுடைய அண்ணன் மனைவி அவள். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது, இனி அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று உறவுக்காரர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் கிளம்பவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடித்த அனுபவத்தை வைத்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டாள், கொழுந்தனையும் கூடச் சேர்த்துக்கொண்டாள். அவன் கார் ஓட்டுவான், கதவு தட்டுவான், மிச்ச நேரமெல்லாம் அவள் காதருகில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருப்பான். கொசு என்று பெயர் வந்தது அப்படித்தான். பெண் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே தலை முழுக்க வழுக்கை விழுந்துவிட்டது அவனுடைய தனிச் சோகம். அதைப் பற்றி அவன் மட்டும்தான் ஜோக் அடிக்கலாம்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய டீச்சர் படுத்திருந்தாள். ஆயுசு முழுக்க ஒரு பள்ளிக்கூடத்தைத் தலைமை ஆசிரியையாகக் கட்டி மேய்த்தவள். இப்போது வாயில் குழாய், கையில் குழாய். முகத்திலும் கழுத்திலும் தோல் வெந்து போனதுபோல் சிவந்து உரிந்திருந்தது. நுரையீரல் அடைத்துக்கொண்டது, குடலில் ரத்தம் கசிகிறது, காய்ச்சல் இறங்க மாட்டேன் என்கிறது. போன வாரம் வரை தானே நடந்து கடைக்குப் போய்வந்த மனுஷி.

“கிருமி புகுந்திருந்தா, உள்ளே இருக்கிற சீழைக் கீறி எடுக்கணும், எதிர்ப்பு சக்திக்குத் தெம்பு கொடுக்கணும்,” என்றார் டாக்டர். “அப்படி இல்லாம, அவங்க சொந்த எதிர்ப்பு சக்தியே வெறி பிடிச்சு உடம்பைக் கடிச்சுக் குதறுதுன்னா, அதை உடனே அடக்கணும். அடக்குற மருந்தைக் கிருமி இருக்கிற உடம்புல போட்டா, கிருமிக்குக் கொண்டாட்டம். வெறி பிடிச்ச உடம்புல கத்தி வெச்சா, தாங்காது.”

“உங்க மனசு எந்தப் பக்கம் சாயுது?” என்று கேட்டாள் அண்ணி.

“இன்னிக்குக் காலைல எடுத்த ஸ்கேன்ல கணையத்துகிட்ட ஒரு வீக்கம் தெரியுது. சீழாத்தான் இருக்கணும். சாயங்காலம் ஆபரேஷன். அதுக்குள்ள வேற காரணம் ஏதாவது கிடைச்சா ஓடி வாங்க, நிறுத்திடறேன். கத்தி வெச்ச பிறகு வந்து பிரயோஜனம் இல்லை.”

“வேற காரணத்தை எங்கேயும் தேட வேண்டாம்!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பெரிய டீச்சரின் மகள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள், அண்ணியை இந்தக் கேஸுக்கு அமர்த்தியவளும் அவள்தான். ஏழு மாச வயிற்றோடு நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடி, மூன்று தடவை கலைந்து, நாலாவது தடவையாகத் தங்கிய பிள்ளை.

“என் தம்பி பொண்டாட்டிதான் ஏதோ கொடுத்திருக்கா. தம்பி போயே ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் எங்கம்மா வீட்டை விட்டு நகரல. ஏன்? வீடு! அம்மா கண்ணை மூடினா வீடு அவ கைக்கு வந்துடும்னு கணக்கு. ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாக்குறா, அங்கே இல்லாத விஷமா? முந்தாநாளே இங்கிருந்து அவளை விரட்டிட்டேன். நர்சுங்க யாரும் அவகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நானும் அவகூடப் பேசல.”

“விஷம்னா ரத்தத்துல தெரியணும்மா. தெரியல,” என்றார் டாக்டர் சலிப்போடு.

“தெரியாத விஷமா இருக்கும்.”

அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டினாள். “வாடா. அந்த ஆராய்ச்சிக் கூடத்தைப் பாத்துட்டு வருவோம்.”

*

புரொபசர் தும்மிக்கொண்டே வரவேற்றார். மூக்கு மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தது. மேசையில் கைக்குட்டைகள் குவிந்து கிடந்தன.

“மன்னிச்சுக்கோங்க. எனக்கு எலி ஒத்துக்காது. எலி ரூம்ல இருந்து யாராவது உடுப்பு மாத்தாம வந்தாக்கூட இப்படித்தான்.”

“எலியை வெச்சு ஆராய்ச்சி பண்றவருக்கு எலி ஒத்துக்காதா?” கொசுவால் அடக்க முடியவில்லை. “அப்ப எலியை யாரு சார் பாக்குறது?”

“அந்தப் பொண்ணுதான். ஊசி போடறது, சாப்பாடு வைக்கிறது எல்லாமே அவதான். நான் அந்த ரூமுக்குள்ள போயே வருஷக்கணக்காச்சு. சோதனை முடிஞ்சதும் ரத்தத்தையும் தோல் துண்டையும் இங்கே அனுப்புவா, நான் மைக்ரோஸ்கோப்புல பாப்பேன்.”

“என்ன மருந்து அது?” என்றாள் அண்ணி.

புரொபசர் உற்சாகமாக நிமிர்ந்தார். தும்மல்கூட நின்றது.

“ஒரு தெருவுல சண்டை நடக்குதுன்னு வெச்சுக்கோங்க. அடிக்கிறவன் இருப்பான். ‘விடுப்பா, போதும்ப்பா’ன்னு கையைப் பிடிச்சு விலக்கி விடறவனும் இருப்பான். உடம்புலயும் அப்படித்தான். நோய் எதிர்ப்பு செல்களுக்குள்ளேயே, மத்த செல்களை விலக்கி விடற செல்கள் இருக்கு. முன்னெல்லாம் அதுங்க ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்கும்னு மட்டும் நினைச்சோம். அப்படி இல்லை. தோல், குடல், நுரையீரல்னு ஒவ்வொரு இடத்துலயும் நிரந்தரமா குடியிருக்கு. குடியிருக்கிற இடத்துக்கு ஏத்த மாதிரி வேலையும் பாக்குது. காயம் ஆற உதவுது. தோல்ல இருக்கிறது முடி முளைக்கிறதுக்குக் கூட உதவுது. முதுகுல சிரைச்ச எலிக்கு அந்த செல்லை மட்டும் எடுத்துட்டா, சிரைச்ச இடம் மொட்டையாவே கிடக்கும்!”

கொசுவின் கை தானாகத் தலைக்குப் போனது. “சார், அந்த செல் கடையில கிடைக்குமா?”

“உங்க வழுக்கைக்கு இது பதில் இல்லை,” என்றார் புரொபசர் இரக்கமே இல்லாமல். “எங்க மருந்து அந்த செல்களைக் கொல்ற மருந்து. எலிக்கும் மனுஷனுக்கும் ஒண்ணு போல வேலை செய்யும்.”

அண்ணியின் புருவம் ஏறியது. “நல்லது பண்ற செல்லை எதுக்குக் கொல்லணும்?”

“அங்கேதான் விஷயம் இருக்கு. புற்றுநோய்க் கட்டி இந்த செல்லைத் தன்னைச் சுத்தி நிறுத்தி வெச்சுக்குது. அடிக்க வர்றவனை எல்லாம் இதுங்க விலக்கி விட்டுடும். கட்டி நிம்மதியா வளரும். விலக்கி விடறவனைத் தூக்கிட்டா, கட்டிக்கு அடி விழும்.”

“மத்த இடத்துலயும் அடி விழுமே?”

“விழும். அளவு தாண்டினா தோல் வேகும், நுரையீரல் அடைக்கும், குடல்ல ரத்தம் வரும்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை. “இருங்க. அந்தப் பொண்ணோட மாமியாருக்கு... அப்படியா இருக்கு?”

“அச்சு அசல் அப்படியே,” என்றாள் அண்ணி.

“வாய்ப்பே இல்லை!” புரொபசர் எழுந்து நின்றுவிட்டார். “பாதி எலிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணி. ரெண்டும் ஒரே மாதிரி குப்பி, ஒரே நிறம், வாசனை கிடையாது, மேலே கூண்டு நம்பர் மட்டும்தான் இருக்கும். ஊசி போடறவளுக்கே எது எதுன்னு தெரியக் கூடாது. அதுதான் எங்க முறை. தெரிஞ்சா கை தன்னை அறியாம ஓரவஞ்சனை பண்ணும். எந்தக் கூண்டுக்கு மருந்துன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அவ குப்பியைத் திருடினாலும் அது தண்ணியா மருந்தான்னு தெரியாம என்ன பண்ணுவா? அதோட ஒரு குப்பி கூடக் குறையல. காலிக் குப்பி எல்லாம் திரும்பி வந்திருக்கு.”

படியிறங்கும்போது கொசு உதட்டைப் பிதுக்கினான். “அவ்வளவுதான் அண்ணி. கதை இங்கேயே படுத்துடுச்சு. பூட்டும் பத்திரம், சாவியும் பத்திரம்.”

“அந்த ஆளு எலியைக் கண்ணால பாத்து வருஷக்கணக்காச்சுன்னு சொன்னாரே, கேட்டியா?”

“கேட்டேன். பாவம், தும்மல்.”

“நாம போய்ப் பாப்போம். நமக்குத் தும்மல் வராது.”

*

எலி ரூமுக்குள் போவதென்றால் காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி, உடம்புக்கு நீளமான அங்கி. கொசுவுக்கு அங்கி முழங்காலோடு நின்றுவிட்டது. உள்ளே ஜன்னல் கிடையாது. காற்றாடி இரைச்சல், மரத்தூள் வாசனை, இரண்டு சுவரிலும் அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்கு நாலைந்து கறுப்பு எலிகள்.

மருமகள் தண்ணீர் பாட்டில்களை மாற்றிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், கண்கள் வீங்கியிருந்தன. அண்ணி தான் யார் என்று சொன்னதும் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

“அத்தைக்கு எப்படி இருக்கு? வீக்கம் சுருங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னாரா?”

“நுரையீரல் மோசமாத்தான் இருக்கு,” என்றாள் அண்ணி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல். “நீ ஏன் இங்கே இருக்க?”

“அங்கே நிக்க விடல. வீட்டுல இருக்கவும் முடியல. இதுங்களுக்காவது சாப்பாடு வைக்கலாம்னு வந்தேன்.”

கொசு இதற்குள் பெட்டிகளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். பெருமூச்சு ஒன்று விட்டான். அப்புறம் இன்னொன்று. அவன் வயிறு எரிவது பார்த்தாலே தெரிந்தது.

“என்னடா?”

“அநியாயம் அண்ணி! இந்த எலிப் பயலுக எல்லாத்துக்கும் முதுகுல சிரைச்சு விட்டிருக்காங்க. இந்தச் சுவர்ல இருக்கிறதுக்கெல்லாம் கருகருன்னு முழுசா வளர்ந்து, எங்கே சிரைச்சாங்கன்னே தெரியல. எதிர்ச் சுவர்ல இருக்கிறதுக்குக் குச்சி குச்சியா இப்பத்தான் தலை நீட்டுது. எலிக்குக்கூடக் கருணை காட்டுற ஆண்டவன்...”

அவன் முடிக்கவில்லை. அண்ணி அவன் தோளைப் பிடித்திருந்தாள். அவள் அப்படிப் பிடித்தால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

“மொட்டையா ஒண்ணு கூட இல்லையா? நல்லாப் பாரு.”

கொசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். “ஒண்ணு கூட இல்ல அண்ணி.”

“பாதிக்கு மொட்டையா இருக்கணுமேடா.”

 மருமகள் ஒரு கையால் அடுக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“எது மருந்து, எது தண்ணின்னு உனக்கு யாரும் சொல்லல,” என்றாள் அண்ணி நிதானமாக. “சொல்லத் தேவையும் இல்லை. எலி சொல்லிடுச்சு. முதல்ல கொஞ்ச நாள் ஒழுங்கா ஊசி போட்டிருக்க. ஒரு சுவர்ல முடி வளர்ந்துச்சு, இன்னொரு சுவர்ல மொட்டையாவே இருந்துச்சு. மொட்டை இருக்கிற கூண்டுக்கு வர்ற குப்பிதான் மருந்துன்னு கண்டுபிடிச்சிட்ட. அன்னிலருந்து அந்தக் குப்பில இருந்ததை வேற இடத்துக்கு எடுத்துட்டு, எலிக்குத் தண்ணியைப் போட்டிருக்க. காலிக் குப்பி சரியாத் திரும்பிப் போச்சு. மருந்து நின்னதும் எலிக்கு முடி குச்சி குச்சியா முளைக்க ஆரம்பிச்சிருச்சு. மேலே இருக்கிறவர் இதைப் பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பார். அவருக்குத்தான் எலி ஒத்துக்காதே.”

மருமகள் கீழே வைத்த பாட்டிலை மறுபடி கையில் எடுத்தாள்.

“எல்லா மருந்தும் எங்கே போச்சு?”

 கொசுவுக்கு ரத்தம் கொதித்தது. “அடிப்பாவி! பெத்த தாய் மாதிரி சோறு போட்ட மாமியாருக்கா? ஒரு வீட்டுக்காகவா?”

“வாயை மூடு,” என்றாள் அண்ணி. அவனைப் பார்க்கக்கூட இல்லை. மருமகளுக்கு இன்னும் பக்கத்தில் போய் நின்றாள். “உள்ளே வந்ததும் என்கிட்ட என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா? வீக்கம் சுருங்கியிருக்கான்னு கேட்ட. வீக்கம் இருக்குன்னு டாக்டருக்கே இன்னிக்குக் காலைலதான் தெரியும். உன்னை முந்தாநாளே துரத்திட்டாங்க. உன்கிட்ட யாரும் பேசல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

மருமகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

“விஷம் வெச்சவளா இருந்தா ‘உயிர் இருக்கா’ன்னுதான் கேப்பா. நீ ஆசையா கேட்ட. அது சீழ் இல்லை. கட்டி. உனக்கு முன்னாடியே தெரியும். டீச்சருக்கும் தெரியும்.”

கொசுவுக்குத் தலைகால் புரியவில்லை. புரிந்தபோது, சற்று முன் தான் கத்திய வார்த்தைகளை வாரி எடுத்து விழுங்கிவிடலாமா என்று இருந்தது அவனுக்கு.

“சத்தியம் வாங்கிட்டாங்க,” என்றாள் மருமகள். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. “என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. வேற ஆஸ்பத்திரியில காட்டினோம். கணையத்துல கட்டி, ரொம்ப முத்திப் போச்சு, சில மாசம்தான்னு சொன்னாங்க. பொண்ணுகிட்ட சொல்லலாம்னு கெஞ்சினேன். ‘அவ மூணு தடவை இழந்தவ. இந்தத் தடவையும் அதிர்ச்சியில ஏதாவது ஆச்சுன்னா நான் செத்தாலும் என் கட்டை வேகாது’ன்னாங்க. அப்புறம் ஒரு நாள், ‘உங்க எலிக்குப் போடறீங்களே, அதை எனக்குப் போடு’ன்னாங்க. நான் மாட்டேன்னேன். அழுதேன். ‘பேரப்பிள்ளை முகத்தைப் பாக்குற வரைக்கும் இழுத்துப் பிடி, அது போதும்’னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. என் புருஷன் போனதுக்கப்புறம் என்னை எங்கேயும் அனுப்பாம, ‘நீ எனக்குப் பொண்ணு’ன்னு வெச்சுக்கிட்டவங்க. அவங்க கேட்டு நான் எப்படி இல்லைன்னு சொல்றது?”

“இப்ப ஏன் வாயைத் திறக்காம இருந்த?” என்று கேட்டாள் அண்ணி.

“சொன்னா அடக்குற மருந்தைக் கொடுத்துடுவாங்க. அடக்கினா கட்டியும் தப்பிச்சுடும். காய்ச்சல் வருதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச நாள் தாங்கிட்டா...”

“தாங்க மாட்டாங்க. சீழ்னு நினைச்சு இன்னிக்கு சாயங்காலம் வயித்தைக் கிழிக்கப் போறாங்க.”

மருமகள் பேயறைந்தவள்போல் நின்றாள். “ஆபரேஷனா? இந்த நிலைமையிலயா? கத்தி பட்டா அத்தை...”

“டேய், டாக்டருக்குப் போனைப் போடு!”

கொசு போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். யாரோ ஒரு நர்ஸ் எடுத்தாள், அவளிடம் விஷயத்தைக் கொட்டினான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து நின்றான்.

“அண்ணி... தியேட்டர் சீக்கிரமே காலியாயிடுச்சாம். டீச்சரை இப்பவே உள்ளே கொண்டு போறாங்களாம். என்ன மருந்துன்னு கொடுத்தவங்களே வந்து சொல்லாம, போன்ல யாரோ சொல்றதைக் கேட்டு நிறுத்த முடியாதாம்.”

“சத்தியம் பண்ணியிருக்கேன்,” என்றாள் மருமகள் அழுதுகொண்டே.

அண்ணி அவள் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினாள். “சத்தியம் வாங்கினவங்களே போயிட்டா, அதை யாருக்காகம்மா காப்பாத்தப் போற? நட.”

*

கொசு கார் ஓட்டியதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். இரண்டு சிவப்பு விளக்குகளையும் பக்கத்துக் காரின் கண்ணாடி ஒன்றையும் அவன் அன்றைக்கு மதிக்கவில்லை. வழி முழுக்க ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. பின்சீட்டில் மருமகள் மருந்தின் பெயரையும் அளவையும் திரும்பத் திரும்ப முனகிக்கொண்டே வந்தாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். ‘பளார்’ என்று ஓர் அறை. தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

“எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்கே வந்த?”

மருமகள் கன்னத்தைக்கூடத் தொடவில்லை. அவளைத் தாண்டிக்கொண்டு போய்க் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். “டாக்டர்! கத்தி வைக்காதீங்க! நான்தான் கொடுத்தேன்! நான்தான் கொடுத்தேன்!”

கதவு திறந்தது. முகமூடிக்கு மேலே டாக்டரின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை தடவை, எதற்கு. அது சீழ் இல்லை, கட்டி என்பதையும் சொன்னாள். டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். உள்ளே திரும்பி, “எல்லாத்தையும் நிறுத்துங்க! வெளியே கொண்டு வாங்க. அடக்குற மருந்து, பெரிய டோஸ், இப்பவே!” என்று கத்தினார்.

கொசு மெதுவாக மகளின் பக்கம் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அடித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு சுவரைத் தடவிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி ஓடிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

*

பெரிய டீச்சர் பிழைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கி, நுரையீரல் தெளிந்து, வாயிலிருந்த குழாயை எடுத்த அன்று மகள் போன் செய்தாள். அண்ணியும் கொசுவும் போனார்கள். இந்த மாதிரி நேரத்தில் கொசு பழம் வாங்கிக்கொண்டு, வாசலிலேயே சிரித்துக்கொண்டு போவது வழக்கம். அன்று வெறும் கையோடு, தலையைக் குனிந்துகொண்டு போனான்.

டாக்டர் தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். கையில் இரண்டு ஸ்கேன் படங்கள். ஒன்று, முன்பு வேறு ஆஸ்பத்திரியில் எடுத்தது. மருமகள் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தாள்.

“பாருங்க. அன்னிக்கு இவ்வளவு இருந்த கட்டி. இது நாங்க எடுத்தது. பாதியாச் சுருங்கியிருக்கு. என் சர்வீஸ்ல கணையத்துல இப்படி நான் பாத்ததே இல்லை.” அவர் படங்களை மடித்தார். “ஆனா நாம அடக்கிட்டோம். இனிமே அது வளரும். அடக்காம இருந்திருந்தா அன்னிக்கு ராத்திரியைத் தாண்டியிருக்க மாட்டாங்க. ரெண்டும் உண்மை.”

“எவ்வளவு நாள்?” என்றாள் அண்ணி.

“முன்னாடி சொன்னதே தான். சில மாசம். உடம்பு இப்ப இருக்கிற இருப்புல அதுவும் நிச்சயமில்லை.”

ரூமில் பெரிய டீச்சர் தலையணையில் சாய்ந்திருந்தாள். கட்டிலுக்கு ஒரு பக்கம் மகள். மறு பக்கம் மருமகள், அவளுக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் ஒரு போலீஸ்காரம்மா. கூட்டிக்கொண்டு போவதற்கு முன் ஒரு தடவை பார்க்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

டீச்சர் மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லிட்டியா?”

தொண்டை புண்ணாகியிருந்ததால் குரல் உடைந்து வந்தது. ஆனாலும் அது தலைமை ஆசிரியையின் குரல்தான்.

“சொல்லிட்டேன் அத்தை.”

“கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?”

மருமகள் தேம்பினாள். டீச்சர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினாள். அவளை யார் காப்பாற்றினார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லை. கொசு அவள் பக்கம் பார்க்காமல் தள்ளி நின்றான். ஒரு கேஸை ஜெயித்துவிட்டு இப்படி வெட்கப்பட்டு நின்றதே இல்லை அவன்.

“கிளம்பலாம்,” என்றாள் போலீஸ்காரம்மா, தணிந்த குரலில்.

மருமகள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு திரும்பினாள். மகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே நின்றாள். மறுபடி அடிக்கப் போகிறாளோ என்று கொசு ஓர் அடி முன்னால் வைத்தான். அவள் அடிக்கவில்லை. இரண்டு கையாலும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டாள்.

“அந்த மருந்து இன்னும் கொஞ்சம் இருக்கா?”

போலீஸ்காரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினாள். மருமகள் இல்லையென்று தலையாட்டினாள். மகள் பிடித்த கையை விடவில்லை.